முப்பத்துநான்கு

ஓலொமோட்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில்
கருவிழிக்கும் கருவிழிக்கும் நடுவே உள்ள தூரத்தை
அளந்து எழுதுவது என் பிழைப்பு.
அறுபத்திரண்டு. ஐம்பத்தொன்பது. அறுபத்தைந்தரை.
கொஞ்சம் பிசகினாலும்
மறுநாளே வந்து நிற்பார்கள், தலைவலி என்று.

அதனால்
'நாற்பத்துமூன்று வை, பெட்டியிலேயே போட்டிருக்கிறது' என்று
என்னிடம் யாரும் சொல்லிவிட முடியாது.
நிஜப் பாதையில் தடத்துக்கும் தடத்துக்கும் நான்கு மீட்டர்.
நூற்றிருபதால் வகுத்தால் முப்பத்துமூன்று மில்லிமீட்டர், சொச்சம்.
முப்பத்துநான்கு வைத்தேன்.
அதற்கு மேல் மயிரிழை போனாலும் பொய்.

கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய பலகை.
அதில் வளைவு மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.
பயணிகள் பெட்டி நீளமானது, விறைத்த உடம்பு;
திரும்பும்போது வயிறு உள்ளே சரியும்,
தலையும் வாலும் வெளியே எட்டிப் பார்க்கும்.
இடுப்பில் ஒன்றும் நுனியில் ஒன்றுமாகப்
பென்சில் முனைகளை ஒட்டி
இரு தடங்களிலும் உருட்டிப் பார்த்தேன்.
கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.
ஆறு மில்லிமீட்டர் போதவில்லை.
வளைவில் விலக்கிக் கொடுத்தேன், முகம் சுளித்தபடி.
நேர்ப்பாதையில் விட்டுக்கொடுக்கவில்லை.

வியாழன் மாலைகளில் க்விடோ வருவான்.
கீழ்த்தளத்து பேக்கரியில் இரவெல்லாம் மாவு பிசைகிறவன்.
விரல் ஒவ்வொன்றும் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல இருக்கும்.
மூன்றாவது சுற்றில்
அவன் வண்டியின் கடைசிப் பெட்டி தடம் புரண்டது.
எடுக்கப் போனான்.
பக்கத்துத் தடத்தில் நின்ற என் ரயில்
ஒரு பெட்டி, அடுத்த பெட்டி, அதற்கடுத்தது என்று
நிதானமாகச் சாய்ந்தது.
'ஐயோ' என்றான்.
'பரவாயில்லை' என்றேன்.
என் குரல் அப்படிச் சொல்லவில்லை.

அடுத்த வியாழன், அதற்கடுத்த வியாழன்
கைகளைக் கால்சட்டைப் பைக்குள் வைத்தபடியே நின்றான்.
ஏதாவது கவிழ்ந்தால் என்னைக் கூப்பிட்டான்.

எல்லாவற்றையும் நூற்றிருபதால் வகுத்திருந்தேன்:
நிலையம், பெஞ்ச், நாய்,
குடை பிடித்துக் காத்திருக்கும் பெண்.
விரல் மட்டும் மீதி.

குன்றுக்குப் பூசிய ப்ளாஸ்டர் ஈரமாயிருந்த நாளில்
அவன் தெரியாமல் விரல் ஊன்றிய பள்ளம் ஒன்று உண்டு;
பச்சைத்தூள் தூவி மறைக்கவேண்டும் என்று
தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது.
வெர்னியரை வைத்துப் பார்த்தேன்.
பதினெட்டு.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே
நான் விட்டிருந்தது பத்தரை.

புதன் இரவு, கரண்டி கரண்டியாக வெந்நீர் ஊற்றினேன்.
பசை பாலாய்க் கரைந்தது, ஜல்லி நெகிழ்ந்தது,
ஆணிகள் முனகிக்கொண்டு வந்தன.
இடைவெளிக்கு ஒரு மரக்குச்சி அறுத்தேன்.
கூட்டிப் பார்த்துக் குறித்த எண் நாற்பத்துமூன்று.
பெட்டியை எடுத்து
அந்த எண் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன்.
நடைமேடையில் ஒன்பது மில்லிமீட்டர் செதுக்க வேண்டியிருந்தது.
குடைக்காரி இப்போது விளிம்பிலேயே நிற்கிறாள்.
ஒட்டியது காய விடிந்துவிட்டது.
அன்று கடையில் ஒரு பாதிரியாருக்கு
இரண்டு முறை அளந்தேன்,
இரண்டு முறையும் வேறு வேறு எண்.

ஐந்தாவது சுற்றில் கவிழ்ந்த சத்தம் கேட்டது.
நான் அடுப்படியில்
காபி பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
பொங்கி முடிந்த பிறகும்.
அவன் கூப்பிடவில்லை.
நாற்காலி கிறீச்சிட்டது.
பிறகு, தண்டவாளத்தில் சக்கரம் உட்காரும்
அந்தச் சின்ன 'டிக்'.

'நிஜத்தில் இவ்வளவு தள்ளி இருக்காதே?'
என்றான் அறையிலிருந்து.

'இருக்காது' என்றேன்.